மாட்டைக் கட்டுகிறோம், வண்டியைக் கட்டுகிறோமா?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மயிலம் பக்கத்தில் எங்கள் கிராமம். இரண்டரை ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிறோம். இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. சொசைட்டிக்குப் பால் கேன், கழனிக்கு உர மூட்டை, திண்டிவனம் கமிட்டிக்கு விலை விசாரிக்கப் போவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பழைய ஸ்பிளெண்டர்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் வாசலில் வண்டியின் சீட் வரைக்கும் தண்ணீர் நின்றது.

வடிந்த பிறகு மெக்கானிக்கிடம் சொன்னால், முன்னால் இருபது வண்டி நிற்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றார். பால் ஒரு வாரம் காத்திருக்குமா? நானும் மகனும் இறங்கினோம். மெக்கானிக் போனிலேயே வழி சொன்னார். "உடனே உதைச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணி சுருங்காது. உள்ள மாட்டிக்கிட்டா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்" என்று எச்சரித்தார். பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினோம். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. அடுத்து இன்ஜின் ஆயிலை வடிக்க வேண்டும்.

அங்கேதான் தப்பு செய்தோம். ஸ்பேனர் போட வசதியாக இருக்கட்டும் என்று, சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு அடுக்கு செங்கல் வைத்தோம். கீழே ஊறிய மண். மகன் கையை உள்ளே விட்ட நேரத்தில் ஒரு பக்கச் செங்கல் புதைந்து வண்டி சாய்ந்தது. முன்கை மேல் மொத்தப் பாரமும் விழுந்தது. எலும்பு முறியவில்லை, அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம். பன்னிரண்டு நாள் அவனால் பால் கறக்க முடியவில்லை.

அன்று இரவு என் மனைவி ஒன்று கேட்டாள். "மாட்டுக்குப் பின்னங்காலைக் கட்டாம கறக்க உக்காருவீங்களா? நூறு கிலோ வண்டிய மட்டும் கட்டாமலே அடியில கைய விட்டீங்களே!" எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு செய்ததுதான் இந்த வண்டி மேடை. பழைய மாட்டுக் கொட்டகையில் கழற்றிய பனஞ்சட்டம் கிடந்தது. புயலில் சாய்ந்த சவுக்கும் இருந்தது. ஊர் ஆசாரி அளவு போட்டார். நீளம் 7 அடி, அகலம் 2 அடி, உயரம் ஒன்றரை அடி. இன்னும் உயர்த்தலாமே என்றேன். "வண்டியத் தள்ளி ஏத்தும்போது ஹேண்டில் உங்க தலைக்கு வந்துடும், பிடிக்க முடியாது" என்றார். பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்தால் இன்ஜின் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. அதுவே போதும்.

ஆறு சவுக்குக் கால், நீளவாட்டில் மூன்று பனஞ்சட்டம், மேலே ஒன்றரை அங்குல வேப்பம்பலகை. ஆணி காலப்போக்கில் இளகும் என்று எல்லா மூட்டுக்கும் நட்டு போல்ட் போட்டோம். முன்சக்கரம் போய் முட்டி நிற்க இரண்டு கட்டை. சென்டர் ஸ்டாண்டு நிற்கும் இடத்துக்குக் கீழே கூடுதலாக ஒரு குறுக்குச் சட்டம். ஏற்றுவதற்கு 6 அடிச் சாய்வுப் பலகை. அது பின்னால் நழுவாமல் இருக்க மேடையோடு போல்ட்டில் மாட்டுகிறோம். மேடை நிற்பது சிமெண்ட் தரையில், அடுப்படிக்குத் தூரத்தில். பெட்ரோல் வடிக்கும் இடத்தில் பீடியும் கிடையாது. ஆசாரி கூலி, போல்ட், லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட் இரண்டு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

வண்டியை உடனே ஏற்றவில்லை. வண்டி எடை சுமார் 110 கிலோ. அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்க வேண்டும் என்று, 45 கிலோ யூரியா மூட்டை ஆறு அடுக்கினோம். மேடை உடையவில்லை. ஆனால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் தொட்டில் மாதிரி ஆடியது. ஆசாரி கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி மாதிரி சட்டம் அடித்தார். ஆட்டம் நின்றது. மூட்டை வைத்துப் பார்க்காமல் இருந்தால், அந்த ஆட்டம் வண்டி மேலே இருக்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

இப்போது வண்டியை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், தனியாக ஏற்றுவதில்லை. ஏற்றியதும் முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு மேடையோடு இழுத்துக் கட்டுகிறோம். முன் பிரேக்கைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்குகிறோம். முன்சக்கரத்தைக் கழற்றும் நாளில் பாரம் இடம் மாறும். அதனால் முதலில் இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, பின் கேரியரையும் கீழே இழுத்துக் கட்டிவிடுகிறோம். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து, அதை வாங்கிக்கொள்ளும் மெக்கானிக் கடையில் கொடுக்கிறோம். கிணற்றுப் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

செயின் இறுக்க, ஆயில் மாற்ற, பிரேக் சரிபார்க்க என்று பக்கத்து வீட்டு எக்ஸ்எல் வண்டிகளும் இப்போது வருகின்றன. இன்ஜினைப் பிரிக்கும் வேலையை நாங்கள் தொடுவதில்லை, அது மெக்கானிக்குடையது.

நேற்று மகன் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். உட்காரும் முன் சீட்டைப் பிடித்து இரண்டு பக்கமும் உலுக்கிப் பார்த்தான், பெல்ட்டை ஒருமுறை இழுத்தான். பிறகுதான் அடியில் கையை விட்டான். திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி எதுவும் சொல்லவில்லை. எழுந்து மாட்டைக் கறக்கப் போனாள்.