தறியொலி கேட்கும் ஊர்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புச் சாலையில் வடக்கே சென்றால், பாண்டிருப்பை அடுத்து மருதமுனை வரும். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர் அது. அங்கே தறியொலியைக் கேட்குந்தோறும் நமக்கு ஆங்கில நாவலொன்று நினைவுக்கு வருகிறது. 1861 இல் ஜோர்ஜ் எலியட் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ கதையின் நாயகன் அரசனல்லன், பிரபுவுமல்லன். தனித்து வாழ்ந்த ஓர் ஏழை நெசவாளி. இங்கிலாந்தில் நலிந்துபோன கைத்தறியாளரின் வாழ்வை, 1963 இல் ஈ. பி. தொம்சன் வரலாற்றிலும் இடம்பெறச் செய்தார்.

நம் நெசவாளரை எழுதியவர் யார்? நெய்தவர் பெயரைத் துணி சொல்லாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, மாண்டவரோடு எழுதப்படாத கதைகளும் மறைந்தன. மாணவர்களே, அந்நூல்களைப் படியுங்கள். பின்னர் முதிய நெசவாளர் ஒருவரை அணுகி, அவர் தறி பழகிய கதையைக் கேட்டு எழுதிவையுங்கள்.