எடுத்தவர் யார்?

பூதப்பாண்டி எங்கள் ஊர். பெயரைச் சொன்னவுடன், "ஜீவா பிறந்த ஊரா?" என்று கேட்போர் இன்றும் உளர். 1907 ஆகஸ்டு 21இல் இங்குப் பிறந்து, 1963 ஜனவரி 18இல் மறைந்தவர் ப. ஜீவானந்தம். அவருடைய பிறந்த நாளும் நினைவு நாளும் வந்துவிட்டால் எங்கள் கைப்பேசிகளில் அவர் முகமே நிறைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒரு நொடியில் பத்துக் குழுக்களுக்குப் பறந்துவிடுகிறது. படத்தில் இருப்பவரை எல்லாரும் அறிவர். எடுத்தவர் யார்? அப்படிக் கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இக்கேள்வி என்னுள் எழுந்ததற்குக் காரணம் என் மாமா. ஸ்டுடியோ நடத்தியவர். தாடகை மலைமீது மேகம் இறங்கிய ஒரு காலை வேளையில், வயல் வரப்பில் நின்று ஒரு படம் எடுத்தார். ஓரத்தில் தம் பெயரைப் பொறித்துப் பேஸ்புக்கில் இட்டார். சில மாதங்களில் அதே படம் ஒரு கடையின் காலண்டரில் வந்தது. பெயர் இருந்த ஓரத்தை மட்டும் காணோம்! "படத்தை எடுத்தது போவட்டும் மக்கா, எம் பேர வெட்டிட்டானுவளே" என்றார் மாமா. அதன்பின் அவர் படம் இடுவதையே விட்டுவிட்டார். இழப்பு அவருக்கு மட்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒளிப்படமும் ஒரு கலைப்படைப்பே. எடுத்தவரே அதன் ஆசிரியர். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. முன்பெல்லாம் படம் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது கணக்கு. 2012இல் வந்த திருத்தத்தால் அது எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. உரிமையாளரின் பெயரை அறிந்தே நீக்குவதைக் குற்றமாக்கியதும் அதே திருத்தந்தான். மாமாவிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டார்.

ஒரு விந்தையும் உண்டு. கூலி கொடுத்துக் கலியாண வீட்டில் எடுக்கச் சொன்ன படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், உரிமையாளர் கூலி கொடுத்தவரே! ஸ்டுடியோக்காரர் அதை விளம்பரத்துக்கு வைக்க நம்மைக் கேட்க வேண்டும். இது மாமாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"நல்லதை நாலு பேருக்கு அனுப்புவது தவறா?" என நண்பர்கள் கேட்கின்றனர். ஜீவா மேடைதோறும் முழங்கிய பாரதியையே எடுத்துக்கொள்வோம். பாரதியின் எழுத்துரிமை தனியாரிடம் இருந்தபோது, அதை மக்களுக்கு ஆக்க வேண்டுமென்று 1948இல் எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ச்சி செய்தனர். 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பாட்டின்மீது அவ்வளவு காதல் கொண்டவர்களும் உரிமையை முறையாகக் கேட்டுத்தானே பெற்றார்கள்? நமக்குக் கிளர்ச்சி எதுவும் வேண்டா, "உங்கள் படத்தை இடலாமா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும். பெயர் போட்டாலே அனுமதி பெற்றதாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்க.

கேட்க ஆளே கிடைக்காவிடில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் வழி இருக்கிறது. பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளை எடுத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் உரிமம் அது, 2002இல் தொடங்கியது. விக்கிமீடியா காமன்சில் அத்தகைய படங்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறித்தால் போதும். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையையும் கட்டடத்தையும் நாமே படமெடுத்து வெளியிடவும் சட்டம் இடம் தருகிறது. ஆதலால் ஜீவாவின் சிலையை நாமே எடுக்கலாம்; எவருடைய படத்தையும் சுட வேண்டியதில்லை.

தை மாதம் எங்கள் பூதலிங்கசுவாமி கோயில் தேரோட்டம். தேர் அசைந்து வரும் காட்சியைப் படமெடுத்துக் காமன்சில் சேர்க்க நாங்கள் நான்கு பேர் எண்ணியிருக்கிறோம். வடம் பிடிப்போரின் முகத்தை அருகில் நின்று எடுத்தால், காட்டி, சம்மதம் கேட்டபிறகே இடுவது என்று பேசிக்கொண்டோம். மாமாவையும் அழைத்திருக்கிறேன். பழைய கேமராவைத் துடைத்து வைத்திருப்பதாக அத்தை சொன்னார்கள்.