நாம் எந்நாட்டவர்?

கல்லூரியில் சேரும் மாணவர் நிரப்ப வேண்டிய விண்ணப்பப் படிவத்தில் நாட்டினம், மதம், சாதி, தாய்மொழி என்னும் கட்டங்கள் அருகருகே அமைந்திருக்கும். சாதிக் கட்டத்தின் முன் எழுதுகோல் சற்றே நிற்கும்; அதற்குச் சான்றிதழ் வேண்டும், சில வேளைகளில் பெற்றோரைக் கேட்டுத் தெளியவும் வேண்டும். நாட்டினம் என்னும் கட்டத்தில் 'இந்தியர்' என்று எழுத ஒரு நொடி போதும். எளிதில் எழுதிவிடும் சொல் எளிதில் விளங்கிவிட்ட சொல் ஆகுமா என்பதே நம் சிந்தனை.

நம் திருமங்கலம் மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. கரிசல் நிலத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து, காலை வேளையில் இங்கே பேருந்து ஏறிக் கல்லூரி செல்லும் பிள்ளைகளில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களிடம் தேசம் என்றால் என்னவென்று நாம் கேட்பதுண்டு. இராணுவத்தில் இருக்கும் அண்ணனைப் பற்றி ஒரு மாணவி பேசினார். கிரிக்கெட் ஆட்டத்தன்று மட்டுமே அந்த உணர்வு எழுவதாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்கள் வீட்டுக்குத் தேசம் என்றால் ரேஷன் கடையும் கல்வி உதவித்தொகையும்தான் ஐயா" என்றார் இன்னொருவர். மூன்றாவது மறுமொழியை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. தேசத்திடம் ஒன்றை உரிமையோடு எதிர்பார்ப்பவர், தம்மை அதன் பங்காளியாகக் கருதத் தொடங்கிவிட்டார்.

மதுரை மாணவர்களின் வரலாறும் இதையே கூறுகிறது. 1965 சனவரி 26 முதல் இந்தி மட்டுமே நடுவண் அரசின் ஆட்சிமொழியாகும் என்ற நிலை இருந்தது. அதற்கு முந்தைய நாள் மதுரையில் மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றனர். வடக்கு மாசி வீதியில் மோதல் ஏற்பட்டது. போராட்டம் மாநிலமெங்கும் பரவியது, பலர் உயிரிழந்தனர். நடுவண் அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

அம்மாணவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று பழித்தவர்கள் அன்று இருந்தனர். ஆயினும் நடந்தது வேறு. திராவிட நாடு கோரிக்கையை தி.மு.க. 1963-இலேயே கைவிட்டிருந்தது. மாணவர்கள் கேட்டதும் பிரிவினை அன்று. இந்தியாவுக்குள் தம் மொழிக்கு உரிய இடம். 1967 தேர்தலில், இங்கிருந்து தெற்கே உள்ள விருதுநகர்த் தொகுதியில், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் பெருந்தலைவர் காமராசரைத் தோற்கடித்தார். வீதியில் எழுந்த வினாவுக்கு வாக்குப்பெட்டியில் விடை தேடப்பட்டது. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978-இல் காமராசரின் பெயரையே ஏற்றது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடம் தருவதன்றோ நாடு!

அதே ஆண்டுகளில் நம் திருச்சபையிலும் மொழி பற்றிய ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் மொழிக்கு வழிபாட்டில் வழி திறந்தது. இலத்தீனில் ஒலித்த திருப்பலி தமிழில் ஒலிக்கலாயிற்று. அதனால் நாம் உரோமையிலிருந்து விலகிப் போகவில்லை. மாறாக, இன்னும் நெருங்கினோம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் தமிழுடையும் தமிழ்மொழியும் ஏற்று நற்செய்தி கூறியவர். அவர் உழைத்த மண்ணில் வாழும் நமக்கு இது புதிய பாடமும் அன்று. ஒருமைப்பாட்டுக்கு ஒரே மொழி வேண்டியதில்லை என்பதைத் திருச்சபையின் அனுபவத்திலிருந்தே நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்கள் திரண்டதை நாம் அறிவோம். 23-ஆம் நாள் காவல்துறை மெரினாவில் கூடியிருந்தோரை வெளியேற்ற முற்பட்டபோது, அவர்கள் நாட்டுப்பண்ணைப் பாடினர். தமிழர் அடையாளத்துக்காகத் திரண்டவர்கள் தம் காப்பாகத் தேர்ந்தது இந்தியாவின் பாடலை! இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் உடன் வாழ்வதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இத்தகைய உள்ளத்தைத் திருத்தூதர் பவுலிடமும் காண்கிறோம். எருசலேமில் அவர் பிடிபட்ட நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் நூல் விரித்துரைக்கிறது. ஆயிரத்தவர் தலைவரிடம் கிரேக்க மொழியில் பேசி, தாம் தர்சு நகரின் குடிமகன் என்கிறார். மக்களிடம் திரும்பி எபிரேய மொழியில், தாம் ஒரு யூதர் என்கிறார். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்கிறார். ஊரும் இனமும் நாடும் அவருக்குள் ஒன்றோடொன்று போரிடவில்லை. குடியுரிமையை அவர் பெருமைக்காகப் பறைசாற்றவில்லை. நீதி மறுக்கப்படும் நேரத்தில் உரிமையாக எடுத்துரைத்தார். விண்ணகமே நம் தாய்நாடு என்று பிலிப்பியருக்கு எழுதியவரும் அவரே.

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையைத் தவிர்க்க இயலாது. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய தகுதியை இந்துக்களுக்கு மட்டும் அளித்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கின்றனர். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே தெருவில் பிறந்து ஒரே கல்லூரிக்குச் செல்லும் இரு நண்பர்களுள், கோவிலுக்குச் செல்பவருக்குக் கிடைக்கும் உதவி திருப்பலிக்குச் செல்பவருக்குக் கிடைப்பதில்லை. "நான் எந்த வகையில் இந்தியன்?" என்று அத்தகைய மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டபோது, தேசபக்திச் சொற்பொழிவு எதுவும் நமக்குத் துணைக்கு வரவில்லை. நம் பங்குகளிலேயே கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் சாதி வேறுபாடு தலைகாட்டும் இடங்கள் உள்ளவரை, நாட்டைக் குறைகூறும் நம் குரல் வலுவிழந்தே ஒலிக்கும்.

அந்த மாணவர் நாட்டை வெறுக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். சமத்துவம் பேசும் 14-ஆம் உறுப்பையும், மதம், சாதி முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும் 15-ஆம் உறுப்பையும் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். 1989 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. அதைத் தாம் எவ்வாறு பயன்படுத்துவது என்றும் கேட்டார். இவரன்றோ உண்மைக் குடிமகன்!

அவ்வாறே, கப்பலூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்கு வரும் வடமாநில இளைஞர்களை நம் மாணவர்கள் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதும் ஒரு தேர்வே. நம் மொழிக்கு மதிப்புக் கேட்ட நாம், அவர் மொழியை எள்ளலாகாது.

நம் நாட்டில் ஆகஸ்டுத் திங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 15-ஆம் நாள் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. அன்றே நாட்டின் விடுதலை நாளும். திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் கொடியேற்றுகிறோம். அதற்கு ஐந்து நாள் முன்னதாக, 10-ஆம் நாளை, தலித் கிறிஸ்தவர்களுக்கான நீதி வேண்டித் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறோம். கறுப்புக் கொடியும் மூவண்ணக் கொடியும் ஒன்றுக்கொன்று பகை என்று நம் பிள்ளைகள் எண்ண வேண்டியதில்லை. தாழ்ந்தோரை ஆண்டவர் உயர்த்துகிறார் என்று பாடிய அன்னையின் மக்கள், தம் நாட்டை நேசிப்பதாலேயே அதனிடம் நீதி கேட்கின்றனர். கேட்கும் துணிவையும், பிறருக்கு மறுக்காத பண்பையும் அவர்களுக்குக் கற்பிப்போம்.