முதலில் கிக் அடிக்காதீங்க

ஹெவ்லொக் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு மதில்களுக்கு நடுவே தகரம் போட்ட கராஜ் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய வெள்ளவத்தை நெசவாலைக் காணியில் எழுந்து நிற்கும் ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் அங்கிருந்து பார்த்தால் தெரியும். கராஜ்காரரை எல்லாரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஹற்றன் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்தவர். உதவிக்கு நிற்கும் பொடியனிடம் சிங்களம், என்னிடம் தமிழ், இறுகிப்போன நட்டிடம் இரண்டிலும் வசை.

நான் கொண்டு போனது கனடாவுக்குப் போய்விட்ட மைத்துனரின் ஹொண்டா எம்.டி. 90. ஜப்பான் தபால்காரர்கள் கடிதம் கொண்டுபோவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி, மூன்று கியர், கிளச் பிடி கிடையாது. அங்கே பாவித்துக் கழித்தவை இங்கே வந்து, பாடசாலை வாத்தியாரிலிருந்து மீன் வியாபாரி வரை சுமந்தன. 2022 இல் லீற்றர் 470 ரூபாய்க்குப் பெற்றோல் ஏறி, கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களில், மைத்துனர் கிடைத்ததை வீணாக்காமல் தாங்கியில் சேர்த்து வைத்தார். பிறகு விசா வந்தது. வண்டி பெற்றோலோடு அப்படியே நின்றது.

“வீட்டில கிக் அடிச்சுப் பார்த்தீங்களா?” என்பதுதான் பாஸின் முதல் கேள்வி. இல்லை என்றதும் முகம் தெளிந்தது. “வர்றவங்க எல்லாம் மூச்சு வாங்க அடிச்சிட்டுத்தான் கொண்டு வர்றாங்க. உள்ள சிலிண்டர் காஞ்சு, துருப் பிடிச்சிருக்கும். அதில ரிங்கைப் போட்டு இழுத்தா கோடு விழாம என்ன செய்யும்?”

பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டார். அது ஊறட்டும் என்று விட்டுவிட்டுத் தேநீர் குடித்தார். அவசரமே இல்லை. பிறகு இடப்பக்க மூடியைத் திறந்து, மெக்னெட் நட்டில் சாவியைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார். சிக்காமல் சுற்றியது. துவாரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியது. “எஞ்சின் நல்லா இருக்கு. இனிச் சந்தேகப்பட வேண்டியது மத்ததை.”

நான் பார்த்த அளவில் இந்தத் தொழிலின் சாரமே சந்தேகத்தை வரிசைப்படுத்துவதுதான். பிளக்கை எஞ்சின் உடம்பில் தொட வைத்துக் கிக் அடித்தால் நெருப்பு நீலமாகப் பாய வேண்டும். எங்களுடையதில் மஞ்சளாக, மனமில்லாமல் வந்தது. கடற்காற்று பொயின்ற் முகங்களைக் கறுக்க வைத்திருந்தது. மெல்லிய எமரித் தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு வெள்ளைக் கடதாசி அட்டை ஒன்றை இடையில் செருகி இழுத்துத் துடைப்பு. நெருப்பு நீலமானது. வண்டி அப்போதும் உயிர்க்கவில்லை. பிளக்கை மறுபடி கழற்றினால் நுனி காய்ந்திருந்தது. ஈரமென்றால் நெருப்பில் குற்றம், காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை.

காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றியபோது வந்தது பெற்றோல் வாசமே இல்லை, பழைய வார்னிஷ் வாசம். பெற்றோலின் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் போய்விடும்; மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகும். கிண்ணத்தில் நிற்பது கொஞ்சமே என்பதால் அதுதான் முதலில் கெடும். அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம். அதைவிட மோசம் பைலட் ஜெற்: அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த துளை, முழுதாக அடைபட்டிருந்தது. பொடியன் ஊசி எடுத்து நீட்டினான்; பாஸ் அவன் கையைத் தட்டிவிட்டார். இரும்பு துளையைப் பெரிதாக்கிவிடுமாம். மின்வயருக்குள்ளிருந்து ஒரு செம்பு இழையை உருவி, ஜெற்றைத் தின்னரில் ஊறப்போட்டு, நுழைத்து நுழைத்து எடுத்தார். பிறகு வெயிலுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். பித்தளை நடுவே ஊசிமுனை அளவு வெளிச்சம்.

அந்த வாசம் எனக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டியது. 1990 க்குப் பிறகு, போரின்போது, அங்கே பெற்றோலுக்குத் தடை. நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடினோம். சின்னப் போத்தலில் கொண்டுபோகும் சில துளிப் பெற்றோலைக் காபரேற்றரில் பீச்சிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகையும் நாற்றமும் சொல்லி மாளாது. பாஸிடம் சொன்னேன். “ஓடிக்கிட்டே இருந்துச்சில்லையா? மண்ணெண்ணெய் எஞ்சினைக் கெடுக்கும்தான். ஆனா நிப்பாட்டி வைக்கிறது அதைவிடக் கெடுக்கும்” என்றார். எனக்கு இது முழு உண்மையாகப் படவில்லை. மண்ணெண்ணெயில் வால்வ் கருகிய வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

ஜெற் போட்டதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பாஸ் குனிந்து சைலன்ஸர் வாயில் விரல் விட்டார், மண். குளவி கூடு கட்டியிருந்தது. இது சிரிக்கிற விஷயமில்லை. 1996 இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு கடலில் விழுந்த பேர்கன்எயர் விமானம், அதற்கு முன் சில வாரங்கள் பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வேகம் அளக்கும் குழாயை இப்படியொரு குளவிதான் அடைத்திருக்க வேண்டும் என்று விசாரணையில் சந்தேகித்தார்கள். நீண்ட கம்பியால் குத்தி உதறியதும் காய்ந்த மண் கட்டிகட்டியாகக் கொட்டியது.

அடுத்த கிக்கில் பிடித்துக்கொண்டது. சோக்கைத் தள்ளியும் நிற்கவில்லை. வெள்ளைப் புகை, நாங்கள் ஊற்றிய ஒயில் எரிகிற புகை, கொஞ்ச நேரத்தில் மறைந்தது. சாவி கேட்டேன். பாஸ் தரவில்லை. தாங்கிக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார்: அடியில் துரு, தண்ணீர் முத்துக்கள். பாதி நிரம்பிய தாங்கி இரவும் பகலும் ஈரக்காற்றை இழுத்து விட்டதன் பலன். பிரேக் சப்பாத்து ட்ரம்மோடு ஒட்டியிருந்தது, டயர் ஓரங்கள் வெடித்திருந்தன. பஞ்சிகாவத்தையில் வாங்க வேண்டிய சாமான்களைப் பொடியன் சிங்களத்தில் எழுதினான். விலைகளைப் பாஸ் வாயாலேயே கூட்டினார்.

தொகையைக் கேட்ட மைத்துனர் போனிலேயே, “அப்ப வித்துவிடுங்கோ அத்தான்” என்றார். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகளுக்கு ஏறிய விலை அவருக்கும் தெரியும். பாஸுக்கு ஒரு பக்கத்துப் பேச்சே போதுமாயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“விக்கிறதா இருந்தா ஐயா, வெளிய சொல்லாதீங்க. நானே எடுத்துக்கிறேன்.”

“எவ்வளவுக்கு?”

“எஞ்சின் கொஞ்சம் வீக் தானே” என்றார் பாஸ்.