தவணைத் தேதி

நூலகத்திலிருந்து இரவல் பெறும் நூல்களில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருப்பதுண்டு. திருப்பித் தரவேண்டிய நாள்களை வரிசையாக முத்திரையிட்ட தாள் அது. சொந்தமாக வாங்கிய நூலுக்கு அத்தகைய தாள் கிடையாது. அதனாலேயே 'பிறகு படிக்கலாம்' என்னும் சொல்லின் நிழலில் அது ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. இரவல் நூலோ நம்மை உறங்க விடுவதில்லை. ஒரு வார வாசிப்பைத் திட்டமிட விரும்புவோர்க்கு அந்தத் தாளே முதல் ஆசான்.

இரவல் பெறும் இவ்வுரிமை தானாக வந்ததன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே பெறப்படுகிறது. நூலை நம் கையில் தரும் வரையில் நம் காலத்தைச் சேமிப்பது நூலகரின் கடமை. வீட்டு வாசலைத் தாண்டிய பின் அக்கடமை யாருடையது?

சிறிது கணக்குப் பார்ப்போம். அன்றாடம் அரைமணி நேரம் ஒதுக்க முடியும் எனக் கொள்வோம். பக்கத்துக்கு இரண்டு மணித்துளி வீதம், நாளொன்றுக்கு 15 பக்கம். ஆறு நாளில் 90 பக்கம். இரு வாரத்தில் 180 பக்கம். நடுத்தர அளவுள்ள ஒரு நூல் அவ்வளவுதான். ஆண்டுக்கு 26 நூல்கள். ஐம்பதைக் கடந்துவிட்ட நமக்கு இறைவன் இன்னும் இருபது ஆண்டுகள் அருளினால், 520 நூல்கள். ஒரு கிளை நூலகத்தின் சில அலமாரிகளுக்குள் அவை அடங்கிவிடும். நாம் இனி வாசிக்கப்போகும் அனைத்தும் அவ்வளவே என்று அறியும்போது, எதைப் படிப்பது என்னும் கேள்வி பொழுதுபோக்கின் கேள்வியாக இருப்பதில்லை. எஞ்சிய வாழ்நாளை யாருடைய துணையோடு கழிப்பது என்னும் கேள்வியாகிவிடுகிறது.

இதை நன்கு உணர்ந்தவர் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர். அவருடைய துறவற ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம் உழைப்பையும் வாசிப்பையும் நாளின் மணிகளுக்குள் பங்கிட்டு வைக்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் துறவி ஒவ்வொருவரும் நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று, அதை முதலிலிருந்து முடிவுவரை வரிசையாகப் படிக்க வேண்டும். ஒரே ஒரு நூல்! வாசிப்பு வேளையில் எவரேனும் சோம்பியோ வம்பு பேசியோ பொழுதைப் போக்குகிறாரா என்று பார்த்துவர, மூத்தோர் ஓரிருவர் அமர்த்தப்பட்டனர். கைப்பேசி இல்லாத அக்காலத்திலும் காவல் தேவைப்பட்டது என்பது நமக்குச் சற்று ஆறுதல்!

ஆகவே ஒரு வாரத்துக்கு இரண்டு நூல்கள் போதும் என்பது நம் எண்ணம். ஒன்று கருத்தூன்றிப் படிக்க. மற்றது களைத்த மாலைக்கு. நூலகத்தில் நின்றபடியே பொருளடக்கத்தைப் பார்த்து, நூலை நாள்களுக்குப் பங்கிட்டுவிட வேண்டும். பக்கங்களை எண்ணிப் பிரிப்பதைவிட அதிகாரங்களாகப் பிரிப்பதே நன்று. இதழ்களில் தொடராக வந்த நூல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் 122 அதிகாரங்கள். நாளுக்கு இரண்டாக, வாரத்தில் ஆறு நாள் படித்தால், பத்து வாரங்களுக்குச் சற்று மேலாகும். தவணையைப் பலமுறை புதுப்பிக்க நேரும். ஆண்டின் 26 இடங்களில் ஐந்தை அந்த ஒரு நூலே எடுத்துக்கொள்ளும். கொடுக்கத் தகும் விலைதான். ஆனால் விலை இன்னதென்று அறிந்தே கொடுக்க வேண்டும். ஐம்பது பக்கங்களுக்குப் பின்னும் நம்மோடு பேசாத நூலைத் தயங்காமல் திருப்பித் தரலாம். அது தனக்குரிய வேறொரு வாசகரைச் சென்று சேரட்டும்.

ஆறு நாளுக்கே கணக்கிட்டோம். ஏழாம் நாள் என்னவாயிற்று? ஞாயிறன்று அனைவரும் வாசிக்கட்டும் என்று சொன்ன ஆசீர்வாதப்பர், பணி ஒப்படைக்கப்பட்டவர்களை மட்டும் அதிலிருந்து விலக்கினார். பங்குப் பணியாளராகிய நாம் அந்த விலக்குக்கு உரியவர்கள். இல்லத் தலைவிக்கும், இரவுப் பணிக்குச் செல்வோர்க்கும் அந்த விலக்கு வேறொரு நாளில் வரக்கூடும். அந்நாளைத் திட்டத்தில் வெறுமையாகவே விட்டுவைப்பது நல்லது. நிரம்பி வழியும் திட்டத்தில் வாசற்கதவைத் தட்டுபவர் இடையூறாகத் தெரிவார். வெற்றிடமுள்ள திட்டத்திலோ அவர் விருந்தினர்.

அந்நாளில் செய்யத்தக்க செயல் ஒன்றும் உண்டு. வாழ்நாளெல்லாம் படித்து மகிழ்ந்து, இப்போது பார்வை மங்கிவிட்ட முதியோர் நம் தெருக்கள்தோறும் இருக்கின்றனர். அவர்களுக்கு நூலகம் செல்லக் காலில்லை. எழுத்துகளைக் காணக் கண்ணில்லை. நம் இரவல் நூலை எடுத்துச் சென்று, அவர்கள் அருகே அமர்ந்து, ஐந்தாறு பக்கங்களை உரக்கப் படிப்போம். வாரமெல்லாம் விழிகளால் விரைந்து கடந்த சொற்களை, நம் செவியும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்கும்.