மவுன்ட் ரோடு இசைத்தட்டுக் கடை டு வடபழனி உருண்டை: ஏவி.எம்-மின் முதல் அத்தியாயம்!

மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையின் ஏவி.எம். ராஜேஸ்வரி கல்யாண மண்டபம், சென்னையில் பல தலைமுறைக்குப் பழக்கமான பெயர். வடபழனி ஏவி.எம். உருண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால், இரண்டுக்கும் ஆரம்பம் சினிமா இல்லை. மவுன்ட் ரோட்டில் இருந்த ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம். இன்றைய இளைஞர்கள் பாஷையில் 'இண்டி லேபிள்'. பெயர், சரஸ்வதி ஸ்டோர்ஸ்.

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில், மற்ற சாமான்களோடு கிராமபோன் தட்டுகளும் விற்றன. அவர் மகன் மெய்யப்பனுக்கு, அடுத்தவர் தயாரித்த தட்டை விற்பதோடு நிற்க மனமில்லை. 1930-களின் தொடக்கத்தில், இருபதுகளின் நடுவயதில், கூட்டாளிகளோடு சென்னைக்கு வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தென்னிந்தியாவுக்கான தட்டுகளை வெளியிட்டார்.

அன்றைய தட்டு அரக்கினால் ஆனது. கைதவறினால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு. கச்சேரியில் அரை மணி நேரம் பாடும் வித்வானும் அதற்குள் முடிக்க வேண்டும். நாடகம் என்றால் பல தட்டுகள் சேர்ந்த 'செட்'டாக வரும். அதைக் கேட்பவருக்கு மேடை தெரியாது, முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

இந்தப் பழக்கம்தான் மெய்யப்பனுக்குப் பிற்பாடு கைகொடுத்தது.

தட்டு வியாபாரம் தந்த தைரியத்தில் படத் தயாரிப்பில் இறங்கினார். 1935-ல் கொல்கத்தாவில் எடுத்த 'அல்லி அர்ஜுனா' தோல்வி. அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் கைகொடுக்கவில்லை. நிமிர்த்தியது 1938-ல் வந்த 'நந்தகுமார்'. நடிப்பவரே பாட வேண்டும் என்றிருந்த காலத்தில், நடிகைக்கு வேறொருவர் குரல் கொடுத்த படம் அது. தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். 1945-ல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில், குமாரி ருக்மணி பாடிய பாடல்களுக்குப் பதிலாக பி.ஏ.பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். முகத்தையும் குரலையும் தனித்தனியாகப் பார்க்க, ஒரு தட்டு வியாபாரிக்குச் சொல்லியா தர வேண்டும்?

அதே 1945 அக்டோபரில், மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. போர்க்கால மின்சாரத் தட்டுப்பாட்டால் ஸ்டூடியோ காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவுக்குப் போனது. பிறகு 1948-ல் வடபழனிக்கு வந்து சேர்ந்தது.

இடையில் ஒரு பெரிய கேள்வி முளைத்தது. பாரதியார் பாடல்களைத் தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு வியாபார நிறுவனத்திடம் இருந்தது. மெய்யப்பன் அதை விலை கொடுத்து வாங்கினார். 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாளின் குரலில் பாரதி ஒலித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் 1948-ல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பு குரல் எழுப்பியது. பாரதி யாருக்குச் சொந்தம் என்று நாடே கேட்கத் தொடங்கியது.

1949-ல் அரசு பாரதி பாடல்களைப் பொதுவாக்க முன்வந்தபோது, மெய்யப்பன் ஒரு ரூபாயும் வாங்காமல் உரிமையைக் கொடுத்துவிட்டார். இன்று பள்ளி ஆண்டு விழாவிலும் யூடியூபிலும் யாரிடமும் கேட்காமல் பாரதியைப் பாடுகிறோம். அதில் இந்த முன்னாள் தட்டு வியாபாரிக்கும் பங்கு உண்டு.

தட்டுகள் என்ன ஆயின? 1930-களின் கடைசியில் ஓடியன் வரத்து ஓய்ந்தது. பல தட்டுகள் உடைந்தன, பல பரணில் தூங்கின. மிச்சமிருக்கும் இந்திய ஓடியன் தட்டுகளை டிஜிட்டலாக்கிக் காக்க, பிரிட்டிஷ் நூலகம் தன் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில் உதவியது.

இந்தக் கதையை நேரில் தேட நினைப்பவர்கள் தி.நகரைத் தாண்டி வடபழனிக்குப் போகலாம். ஏவி.எம். வளாகத்தில் 2023-ல் பாரம்பர்ய அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. பழைய கேமராக்களையும் கார்களையும் அங்கே பார்க்கலாம். இன்னொரு பக்கம், அடையாறைத் தாண்டினால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீஸ்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அவற்றைச் சேர்த்த ரோஜா முத்தையா, காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரர். பாட்டை விற்க ஒருவரையும், பாட்டுப் புத்தகத்தைக் காக்க ஒருவரையும் சென்னைக்குத் தந்திருக்கிறது செட்டிநாடு.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கறுப்புத் தட்டு இருக்கலாம். பழைய சாமான்காரரிடம் போடும் முன், அதன் நடுவில் இருக்கும் பெயரை ஒருமுறை தூசு தட்டிப் படித்துப் பாருங்கள்!