கறுப்பா ஒரு பறவை... அதுக்குப் பேரே இல்லையா?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குப் பாதிப் பொழுது வாட்ஸ்அப் வீடியோக்களோடுதான் போகும். 'இது உண்மையா, கொஞ்சம் பாருங்களேன்' என்று யாராவது எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். அமைதியான ஒரு தெரு. திடீரென்று வானத்திலிருந்து கரும்புகை இறங்குவதுபோல நூற்றுக்கணக்கான பறவைகள் சாலையிலும் வீட்டுக் கூரையிலும் வந்து மோதுகின்றன. அடுத்த நொடியே பெரும்பாலானவை எழுந்து பறந்துவிடுகின்றன. மற்றவை நடுத்தெருவில் செத்துக் கிடக்கின்றன.

2022 பிப்ரவரியில் மெக்ஸிகோவின் குவாத்தேமோக் நகரத்தில், கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சி அது. '5ஜி கதிர்வீச்சு', 'விஷவாயு', 'உலக அழிவின் அறிகுறி' என்று ஆளுக்கொரு தலைப்பு வைத்தார்கள். பறவை வல்லுநர்கள் பலர் சொன்ன காரணம் எளிமையானது. வல்லூறு மாதிரியான ஒரு வேட்டைப் பறவை மேலிருந்து பாய்ந்திருக்கும். தப்பிப்பதற்காகக் கூட்டம் மொத்தமாகத் தாழ்ந்து, முன்னால் போனவை தரையில் மோதியிருக்கும்.

காரணம் கிடைத்த பிறகும் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த எல்லா ஃபார்வர்டுகளிலும் 'கறுப்புப் பறவைகள்' என்று மட்டும்தான் இருந்தது. ஆனால், அந்தப் பறவைக்குப் பெயர் இருக்கிறது. 'யெல்லோ ஹெடட் பிளாக்பேர்ட்'. ஆண் பறவையின் தலையும் மார்பும் மாம்பழ மஞ்சள். வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே மெக்ஸிகோ வரை வரும். அப்படி வந்த இடத்தில்தான் அவை செத்துக் கிடந்தன. செய்தியில் அவற்றுக்குப் பெயர் இல்லை, நிறம் மட்டும் இருந்தது.

அப்பத்தாவிடம் இல்லாத வார்த்தை

எங்கள் அப்பத்தாவிடம் 'கறுப்பா ஒரு பறவை பார்த்தேன்' என்று சொன்னால் பதில் வராது, கேள்விதான் வரும். "வாலு ரெட்டையா பிரிஞ்சிருந்துச்சா? அப்ப கரிச்சான். வாலைத் தூக்கித் தூக்கி தரையில நடந்துச்சா? கருஞ்சிட்டு. கண்ணு ரத்தமா செவந்திருந்தா ஆம்பளைக் குயிலு." காக்காவிலேயே வீட்டுக் காக்கா வேறு, அண்டங்காக்கா வேறு. பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவின் பேச்சில் 'கறுப்புப் பறவை' என்று ஒரு பொதுப்பெயர் வந்ததே இல்லை.

மதுரைப் பக்கம் கரிச்சானுக்குக் கோயில் கதையே இருக்கிறது. காக்கைகளிடம் கொத்துப்பட்டுத் தவித்த ஒரு கரிக்குருவிக்குச் சொக்கநாதர் மந்திர உபதேசம் செய்தார், அன்றிலிருந்து அது 'வலியான்' ஆனது என்கிறது திருவிளையாடற் புராணம். ஆவணி மூலத் திருவிழாவில் அந்த லீலை இன்றும் நடக்கிறது. தன்னைவிடப் பெரிய காக்கையையும் பருந்தையும் விரட்டி விரட்டிக் கொத்தும் கரிச்சானைப் பார்த்தவர்களுக்கு, 'வலியான்' என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும். அந்தப் பெயரைத் தந்தது நிறமல்ல, அதன் குணம்.

ஊரை விட்டுப் போனவர்கள் வைத்த பெயர்

ஆங்கிலத்தில் 'பிளாக்பேர்ட்' என்றால் முதலில் குறித்தது ஐரோப்பாவின் ஒரே ஒரு பறவையைத்தான். அறிவியல் பெயர் 'டர்டஸ் மெருலா'. நம் நூல்களில் பூங்குருவிகள் என்று சொல்லப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. கரி போன்ற உடல், ஆரஞ்சு மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். ஒரு காலத்தில் காட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்த பறவை, இன்று ஐரோப்பிய நகரங்களின் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் சர்வ சாதாரணமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடனில் 1962-ல் ஒரு நாளிதழ் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, தேசியப் பறவையாகத் தேர்வானது இதுதான்.

கடல் கடந்து குடியேறப் போனவர்களுக்கு இந்தப் பாட்டு மறக்கவில்லை. 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனவர்கள், கப்பலில் கூண்டோடு இந்தப் பறவையையே கொண்டுபோய் விட்டார்கள். வட அமெரிக்காவுக்குப் போனவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே கண்ணில் பட்ட கறுப்புப் பறவைகளுக்கெல்லாம் 'பிளாக்பேர்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க பிளாக்பேர்டுகள் 'இக்டெரிடே' என்ற முற்றிலும் வேறான குடும்பம். அந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. ஐரோப்பியப் பறவைக்கு அமெரிக்காவில் நெருங்கிய உறவு யார் தெரியுமா? 'அமெரிக்கன் ராபின்'. அதன் வயிறு செங்கல் நிறத்தில் இருந்ததால், ஊரில் பார்த்த இன்னொரு பறவையின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். உறவுக்காரருக்கு அடுத்த வீட்டுக்காரர் பெயர், அந்நியருக்கு நம் குடும்பப் பெயர் என்ற கணக்கு!

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஐரோப்பிய பிளாக்பேர்டின் பெண் பறவை, கறுப்பே கிடையாது. பழுப்பு நிறம். அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் லட்சக்கணக்கில் திரியும் செஞ்சிறகு பிளாக்பேர்டில், ஆணுக்குத் தோள்பட்டையில் பளிச்சென்று சிவப்புப் பட்டை. பெண்ணோ பழுப்புக் கோடுகளோடு சிட்டுக்குருவி போல இருக்கும். பெயர் வைத்தவர்கள் ஆணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் போல!

வகுப்பில் இரண்டு 'கறுப்பி'கள்

நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது எனக்குப் பழகிய விஷயம். நான் படித்த பள்ளியில், எங்கள் வகுப்பில் நானும் இன்னொரு பெண்ணும் 'கறுப்பி'. பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். அவள் கணக்கில் புலி. எனக்குக் கணக்கென்றாலே காய்ச்சல் வரும். அவள் உயரம், நான் குட்டை. ஆனால் அவள் வாங்கிய மார்க்குக்கு என்னைப் பாராட்டியதும், நான் பேசியதற்கு அவளை எழுப்பி நிற்க வைத்ததும் நடந்திருக்கிறது. ஒரு வாரம் காய்ச்சலில் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாவது நாள்தான் ஓர் ஆசிரியருக்கு அது தெரிந்தது. 'கறுப்பி இருக்காளே' என்று நினைத்துவிட்டாராம்.

இன்று அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். ஆனால், ஒரே பெயருக்குள் இருவரைப் போட்டு வைத்தால், ஒருவர் காணாமல் போனாலும் கண்ணில் படாது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதனால்தான் துருநிற பிளாக்பேர்டின் கதையைப் படித்தபோது, அதை வெறும் பறவைச் செய்தியாகக் கடந்துபோக முடியவில்லை.

கூட்டத்துக்குள் குறைந்துபோன பறவை

'ரஸ்ட்டி பிளாக்பேர்ட்' என்பது அதன் பெயர். கனடா, அலாஸ்காவின் குளிர்க்காட்டு ஈரநிலங்களில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புக் காடுகளுக்கு வரும். இலையுதிர்காலத்தில் அதன் இறகு ஓரங்களில் இரும்புத் துரு போன்ற செம்பழுப்பு படர்ந்திருக்கும். பெயருக்குக் காரணம் அதுதான்.

குளிர்காலத்தில் பல வகை பிளாக்பேர்டுகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து அடைவதுண்டு. வயலில் இறங்கினால் தானியம் காலி. அதனால் விவசாயிகளுக்கு அவை எல்லாமே 'பிளாக்பேர்ட் தொல்லை'. பயிருக்குச் சேதம் செய்யும் பிளாக்பேர்டுகளைத் தனி அனுமதி வாங்காமலே கொல்லலாம் என்று அமெரிக்காவில் ஒரு விதியும் இருந்தது. துருநிறப் பறவையும் அந்தப் பட்டியலுக்குள்தான் இருந்தது. இத்தனைக்கும் அது அதிகம் தேடுவது தானியத்தை அல்ல, தண்ணீர் ஓரத்துப் பூச்சிகளைத்தான்.

1999-ல் ரஸ்ஸல் கிரீன்பெர்க், சாம் டிரோகி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய பறவை நூல்களையும் வட்டாரப் பட்டியல்களையும் புரட்டினார்கள். முன்பு 'ஏராளம்' என்று எழுதப்பட்ட இடங்களிலேயே, பின்னால் வந்த நூல்களில் 'அரிது' என்றிருந்தது. பல ஆண்டு கணக்கெடுப்புகளும் அதையே காட்டின. 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்தப் பறவையின் எண்ணிக்கை 85 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்பது மதிப்பீடு. அவ்வளவு பெரிய சரிவு பல பத்தாண்டுகள் பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. கூட்டமாகத்தானே பறக்கிறது, 'பிளாக்பேர்ட்' நிறையத்தானே இருக்கிறது! அந்தக் கொல்லும் பட்டியலிலிருந்து துருநிறப் பறவைக்கு விலக்கு கிடைத்தது 2011-ல்தான்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2001-ல் ஆஸ்திரியாவில் வியன்னாவைச் சுற்றி பிளாக்பேர்டுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கொசுவால் பரவும் 'உசுட்டு' வைரஸ்தான் காரணம் என்று விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2020-ல் லண்டனுக்கு அந்த வைரஸ் வந்ததும் தெரிந்துவிட்டது. காரணம், அந்தப் பறவை அங்கே ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்துக்கும் தெரிந்த முகம். காலையில் பாடவில்லை என்றால் வித்தியாசம் தெரியும்.

கலிஃபோர்னியாவின் மூவண்ண பிளாக்பேர்டும் உன்னிப்பாகப் பார்த்ததால் உதவி கிடைத்த பறவைதான். செஞ்சிறகுப் பறவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. செஞ்சிறகுக்குச் சிவப்புப் பட்டையின் ஓரத்தில் பெரும்பாலும் மஞ்சள் கோடு இருக்கும். இதற்கு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். ஆனால் செஞ்சிறகுப் பறவை வட அமெரிக்கா முழுக்க இருக்கிறது. மூவண்ணப் பறவை அநேகமாகக் கலிஃபோர்னியாவில் மட்டும்தான். ஈரநிலங்கள் போனதால், பால் பண்ணைகளின் தீவன வயல்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறப்பதற்குள் அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரு தலைமுறையே காலி. அறுவடையைச் சில வாரங்கள் தள்ளிப்போடும் விவசாயிகளுக்கு அங்கே பணம் கொடுக்கிறார்கள். 2018-ல் அந்த மாநிலம் இதை அழியும் ஆபத்துள்ள பறவைகளில் சேர்க்க முடிவெடுத்தது. அந்த வெள்ளைக் கோட்டைப் பிரித்துப் பார்க்காமல் இதெல்லாம் நடந்திருக்காது.

நம் மலையில் இருப்பது யார்?

நம்மிடமும் பிளாக்பேர்ட் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள். சோலைக்காட்டு ஓரத்தில், தங்கும் விடுதியின் புல்தரையில், உதிர்ந்த இலைகளை அலகால் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும். கோடைக்காலக் காலைகளில் மர உச்சியில் உட்கார்ந்து நிதானமாகப் பாடும். ஆரஞ்சு அலகும் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும் ஐரோப்பியப் பறவையைப் போலவே இருக்கும். உடல் மட்டும் அவ்வளவு கரியாக இருக்காது, சாம்பல் பழுப்பு கலந்தது.

சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன், 1839-ல் இதற்கு 'டர்டஸ் சிமில்லிமஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'சிமில்லிமஸ்' என்றால் 'மிகவும் ஒத்திருப்பது'. பெயரே 'அதைப் போலவே' என்றிருந்ததாலோ என்னவோ, நெடுங்காலம் இதை ஐரோப்பியப் பறவையின் ஓர் உள்வகையாகவே வைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டில்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். இலங்கையின் மலைநாட்டில் இருப்பதும், மகாராஷ்டிரப் பக்கத்துத் தொடர்ச்சி மலைகளில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல இருப்பதும் இதே இனத்தின் வகைகள். அதே சமயத்தில் திபெத்தியப் பறவையும் சீனப் பறவையும் தனித்தனி இனங்களாயின. திபெத்தியப் பறவைக்குக் கண் வளையம் கிடையாது. ஐரோப்பியப் பறவையின் அந்த இனிமையான பாட்டும் கிடையாது. இத்தனை வித்தியாசமும் 'பிளாக்பேர்ட்' என்ற ஒரே வார்த்தைக்குள்தான் ஒளிந்திருந்தது.

நம் மலைப் பறவை இன்று ஆபத்தில் இல்லை. நல்ல செய்திதான். துருநிறப் பறவையும் ஒரு காலத்தில் 'ஏராளம்' பட்டியலில்தான் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பறவை எப்போது குறைகிறது என்று தெரிய, அது எப்போது, எங்கே, எத்தனை இருந்தது என்று யாராவது சரியான பெயரோடு எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பறவையியல் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியிலோ, கண்மாய்க் கரையிலோ 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை 'இ-பேர்ட்' செயலியில் பதிவு செய்தால் போதும். குழந்தைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். 'அம்மா, அங்க பாரு, கறுப்பா ஒண்ணு' என்று அவர்கள் கை காட்டும்போது, 'ஆமாம்ல' என்று சொல்லி முடித்துவிடாமல், 'வால் எப்படி இருக்கு? கண்ணு என்ன கலர்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்வதற்காக அவர்கள் இன்னொரு முறை பார்ப்பார்கள்.